கிராம் எழுதாதே

சனிக்கிழமைன்னா பேளுக்குறிச்சி சந்தை. ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற பாதையில் வருகிறவர்களுக்கு, ஊர் கண்ணில் படும் முன்பே மல்லி வாசனை மூக்கில் படும். கோடையில் நாமக்கல், சேலம், ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பெண்கள் வருஷத்துக்கு வேண்டிய மளிகையை மொத்தமாக வாங்கிப்போக வருவார்கள். மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், சோம்பு, மிளகாய். பின்னால் சுவர்போல கொல்லிமலை. மலையிலிருந்து மிளகு மூட்டை இறங்கும், கீழே அதற்கு விலை பேசுவார்கள்.

என் அப்பத்தா அந்தச் சந்தையில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை போட்டவர். கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஆறேழு சாக்கு, ஒரு கைத்தராசு, ஒரு பெரிய தராசு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் கணக்குப்பிள்ளை. காலையில் மலைக்காரர்கள் கொண்டுவருகிற மிளகை நிறுத்து எடுப்போம். அப்பத்தா எடைக்கல்லை எண்ணிச் சொல்வார், நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். முதல் நாள் 'பதினொண்ணு, நானூறு' என்று பார்த்துவிட்டு 11.400 என்று எழுதினேன். பள்ளியில் அப்போதுதான் தசமப் புள்ளி நடத்தியிருந்தார்கள், அந்தப் பெருமை.

"கிராமெல்லாம் எழுதாத கண்ணு. கிலோ மட்டும் எழுது."

ஏன் என்று கேட்டதற்கு, சாக்கு எடை, ஈரம், தூசு, காம்பு, எல்லாம் அதில் போயிடும் சாமி என்றார். அதில் பொய் இல்லை. மிளகு காயக்காய எடை குறையும். வாங்கி இரண்டு வாரம் வைத்திருந்தால் சாக்கில் சிறிது குறைந்துதான் இருக்கும். ஆனால் 11.400க்கும் 11, 11.900க்கும் 11. ஈரம் அப்படிக் கணக்குப் பார்த்துக் குறையாது என்று தோன்றுமளவுக்கு எனக்கு அப்போது விவரம் போதவில்லை.

மத்தியானம் விற்பனை. டவுன்காரர் அரைக்கிலோ மிளகு வாங்கினால், தட்டு சமமான பிறகும் அப்பத்தா ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். கொசுறு. "போட்டுக்க கண்ணு, நல்லா இரு" என்பார். அந்தக் கொசுறுக்காகவே வருஷா வருஷம் எங்கள் தார்ப்பாயைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். காலையில் கீழே இறக்கப்பட்ட கிராமும் மத்தியானம் மேலே ஏற்றப்பட்ட கைப்பிடியும் ஒரே சாக்கைச் சேர்ந்தவை என்று எனக்கு உறைத்தது ரொம்பப் பின்னால். இருபது வருஷம் கழித்து, கோயமுத்தூரில், ஒரு பில்லிங் மென்பொருளின் பிழையைத் தேடிக்கொண்டிருந்த ராத்திரியில்.

*

பிழை சின்னது. மாதக் கடைசியில் இரண்டு அறிக்கைகளின் கூட்டுத்தொகை சில ரூபாய் ஒத்துவரவில்லை. ஒன்று பைத்தானில் கணக்கிட்டது, இன்னொன்றை வாடிக்கையாளரின் கணக்காளர் எக்ஸெல்லில் போட்டது. தேடிப்பார்த்தால், எக்ஸெல்லிடம் 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 3 என்கிறது. பைத்தானிடம் அதையே கேட்டால் 2 என்கிறது. 3.5ஐக் கொடுத்தால் இரண்டும் 4 என்கின்றன. பைத்தானுக்குப் பைத்தியமா என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று ராத்திரி ஆரம்பித்த வாசிப்பு இன்னும் முடியவில்லை.

எண்ணை முழுதாக்குவதில் பெரும்பகுதிக்குச் சண்டையே இல்லை. 2.3ன்னா 2, 2.8ன்னா 3, எது பக்கமோ அது. சண்டையெல்லாம் நட்டநடு அரையில். அது இரண்டு பக்கமும் சமதூரம். கணிதம் அங்கே கையை விரித்துவிடும், யாராவது ஒருத்தர் முடிவு பண்ணித்தான் ஆகணும். அப்படி முடிவு பண்ணியவர்கள் யார், யாருக்குச் சாதகமாகப் பண்ணினார்கள் என்று பார்த்தால் அதற்கு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் அந்த வரலாற்றின் நடுக்கட்டம் 1957 ஏப்ரல் 1.

அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. இந்த ஏற்பாட்டைக் கேலி பண்ண வேண்டியதில்லை. பதினாறைப் பாதி, கால், அரைக்கால், வீசம் என்று மடித்துக்கொண்டே போகலாம், மிச்சம் விழாது. துணியை மடிப்பதுபோல. நூறை இரண்டு தடவை மடித்தால் 25, மூன்றாவது மடிப்பில் பன்னிரண்டரை என்று கிழிந்துவிடும். சிக்கல் ஆரம்பித்தது அந்த மூன்றாவது மடிப்பில்தான்.

1955இல் இந்திய நாணயச் சட்டத்தைத் திருத்தியபோது ரூபாயை நூறு நயா பைசாவாகப் பிரித்தார்கள். பழைய காசுகளும் சில வருஷம் புதுசோடு சேர்ந்தே புழங்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே மாற்றுக் கணக்கு வேண்டும். ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. எனவே சட்டம் ஒரு விதி சொன்னது: பக்கத்திலிருக்கும் புதுக்காசுக்கு முழுதாக்கு, மேலே கீழே இரண்டும் சமதூரமானால் கீழே இருப்பதற்கு இறக்கு. அதன்படி அச்சான மாற்று அட்டவணையைப் பாருங்கள். ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25, ஐந்தணா 31, ஆறணா 37, ஏழணா 44, எட்டணா 50. இப்படியே போய்ப் பதினைந்தணா 94.

ரூபாய்க்குள் இருக்கும் 192 தம்பிடிப் படிகளில் நட்டநடு அரை எத்தனை இடத்தில் விழும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலே இடம். இரண்டணா, ஆறணா, பத்தணா, பதினாலணா. உண்மையான மதிப்பு 12.5, 37.5, 62.5, 87.5. சட்டப்படி 12, 37, 62, 87. நாலையும் கூட்டினால் 198. சரியான கூட்டுத்தொகை 200. இரண்டு நயா பைசா காணோம்.

இந்த இரண்டு பைசா யாருடையது? கொடுக்கிறவருக்கு லாபம், வாங்கிக்கொள்கிறவருக்கு நஷ்டம். சாமான் வாங்குகிறவர் கொடுக்கிறவர், அவருக்கு நல்லது. ஆனால் கூலிக்காரர் வாங்கிக்கொள்கிறவர். நாளுக்குப் பதினாலணா கூலி என்று வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் ஆறு நாளுக்குச் சேர்த்துக் கொடுத்தால் 84 அணா, அதாவது ஐந்தேகால் ரூபாய், 525 நயா பைசா. அன்றன்றைக்குப் புதுக்காசில் கொடுத்தால் நாளுக்கு 87, ஆறு நாளுக்கு 522. மூன்று பைசா குறைவு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அட்டவணையில் இருப்பதைத்தான் கொடுத்தார்கள்.

காலணாக் கணக்கு இன்னும் மோசம். காலணா என்பது 1.5625 நயா பைசா. பக்கத்துக் காசு 2. காலணாவுக்கு வெற்றிலை, காலணாவுக்கு உப்பு என்று வாங்குகிறவர், ஒவ்வொரு தடவையும் புதுக்காசில் 2 கொடுத்தால், ஒரு ரூபாய்ச் சாமானுக்கு 64 தடவையில் 128 நயா பைசா கொடுத்திருப்பார். அரையணா அரையணாவாக வாங்குகிறவருக்கு அதே சாமான் 96. நாலணாவாக வாங்குகிறவருக்குச் சரியாக 100. ஒரே சட்டம், ஒரே அட்டவணை, எவ்வளவு சின்னதாக வாங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். காலணாவுக்கு வாங்குகிறவர் யாராக இருந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பத்தாவுக்கு அப்போது வயது ஒரு பத்தொன்பது. "நயா பைசா வந்தப்ப ஒண்ணுமே புரியல. கடைக்காரன் சொன்னதுதான் கணக்கு" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடிந்ததில்லை.

அரசாங்கமே எல்லா இடத்திலும் கீழே இறக்கவில்லை என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. 1957இல் இந்திய வரைபடம் போட்ட தபால்தலை வரிசை ஒன்று வந்தது. அதில் ஒரு தலை 13 நயா பைசா. யாருக்காவது இப்படி ஒரு எண் தோன்றுமா? பத்து சரி, பன்னிரண்டுகூடச் சரி, அதென்ன பதின்மூன்று? இரண்டணாவுக்கு நேராக வருவது பன்னிரண்டரை. சட்ட அட்டவணையில் அது 12, தபால்தலையில் 13. தபாலாபீசில் அரசாங்கம் வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

*

இதெல்லாம் யோசிக்காமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் இந்தியாவில் அதற்கு ஆறு வருஷம் முன்பே, அரையை என்ன செய்வது என்று ஒரு தனி ஆவணமே வந்திருந்தது.

1947இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் (பின்னாளில் பிஐஎஸ், ஹால்மார்க் போடுகிறவர்கள்) தன் தரங்களுக்கு வரிசை எண் கொடுத்தது. ஐஎஸ் 1 தேசியக் கொடிக்கு: என்ன துணி, என்ன அளவு, என்ன நிறம். ஐஎஸ் 2 எதற்கு என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட், இரும்பு, குடிதண்ணீர் என்பார்கள். ஐஎஸ் 2 எண்களை முழுதாக்கும் விதிகள். 1949இல் வந்து 1960இல் திருத்தப்பட்டது. கொடிக்கு அடுத்த எண் இதற்கு. எனக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை. சிமெண்டுக்கும் இரும்புக்கும் தரம் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றிலும் இத்தனைக்குள் இருக்கணும், அத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று எண்கள் வரும். அளந்து வந்த எண்ணை எப்படி முழுதாக்குவது என்று முதலிலேயே சொல்லிவைக்காவிட்டால், ஒரு கம்பியை ஒருத்தர் பாஸ் பண்ணுவார், அதே கம்பியை இன்னொருத்தர் திருப்பி அனுப்புவார்.

அரை வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஐஎஸ் 2 சொல்வது: பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போ. 2.5 இரண்டாகும், 3.5 நாலாகும். அதாவது பைத்தான் செய்வது. எல்லா அரையையும் மேலே தள்ளினால் ஆயிரம் எண்ணைக் கூட்டும்போது கூட்டுத்தொகை மெல்ல மெல்ல உப்பும். எல்லாவற்றையும் கீழே இறக்கினால் சூம்பும். இரட்டைப்படைக்குப் போனால் ஏறக்குறைய பாதி ஏறும், பாதி இறங்கும். இந்த விதியை நம் நாலு அணாக்களுக்குப் பொருத்திப் பாருங்கள். 12.5 பன்னிரண்டு, 37.5 முப்பத்தெட்டு, 62.5 அறுபத்திரண்டு, 87.5 எண்பத்தெட்டு. கூட்டினால் 200. ஒரு பைசா போகவில்லை, ஒரு பைசா வரவில்லை.

அப்படியிருந்தும் நாணயச் சட்டம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு என் ஊகம் இதுதான். காசு மாறினால் விலை ஏறிவிடும் என்ற பயம் எந்த நாட்டிலும் ஜனங்களுக்கு உண்டு. 'சந்தேகம் வந்தால் கீழே' என்ற விதி அந்தப் பயத்துக்கு மருந்து. அதோடு, சந்தையில் நிற்கிறவரிடம் ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்து ஒரு தடவை ஏற்று, ஒரு தடவை இறக்கு என்று சொல்லிப் பாருங்கள். ஆறணாவுக்கு ஏத்தறான், பத்தணாவுக்கு எறக்கறான், இதென்ன கணக்கு என்று சண்டைக்கு வருவார். நியாயமான விதி, கண்ணுக்கு நியாயமாகத் தெரியாது. ஆய்வகத்துக்கு ஒன்று, கடைவீதிக்கு ஒன்று என்று இரண்டு விதி வேண்டியிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கடைவீதி விதியும் இப்போது தலைகீழாகிவிட்டது. 2017இன் ஜிஎஸ்டி சட்டம், 170ஆம் பிரிவு: வரித்தொகையை ரூபாய்க்கு முழுதாக்கு, ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்று, குறைந்தால் விட்டுவிடு. 1955இல் கீழே இறங்கிய அரை, 2017இல் மேலே ஏறியது. நான் நிரல் எழுதவேண்டியிருந்தது இந்த விதிக்குத்தான். பைத்தானின் இரட்டைப்படை நியாயம் அங்கே செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை. நூறு ரூபாய் மசாலாவுக்கு ஐந்து சதவீத வரி என்றால் ஐந்து ரூபாய். அது மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரியும். இரண்டையும் தனித்தனியே விதிப்படி முழுதாக்கினால் 3, 3. ஆறு ரூபாய்! அதனால் பில்லில் பைசாவை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை முழுதாக்கச் சொல்லி எங்கள் நிரலை மாற்றினோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு சென் காசைக் கைவிட்டு ஐந்து சென்னுக்கு முழுதாக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொரு சாமானின் விலையிலும் இல்லாமல் மொத்தத் தொகையில் மட்டும் அதைச் செய்யும்படி வைத்தார்கள். 1957இன் காலணாக்காரருக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

*

முழுதாக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த கணக்கும் நம்மிடம் இருந்திருக்கிறது. தமிழ்ப் பின்னங்களில் முந்திரி 1/320. அந்த முந்திரியை மறுபடி 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, 1/1,02,400. அதில் இருபத்தொன்றில் ஒரு பங்கு இம்மி. 'இம்மியும் பிசகாமல்' என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கும் இம்மி, இருபத்தொன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. ராஜராஜன் காலத்து நில அளவையில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு வைத்திருந்தார்கள் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்தவுடன் புல்லரிக்கும், நமக்கு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர் என்றால், அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் வரும். ஒரு கடுகுகூட உட்கார முடியாத நிலம். எந்தக் கோலைக் கொண்டும் அதை அளந்திருக்க முடியாது. அது அளவு இல்லை, வகுத்தலில் விழுந்த மிச்சம். கோலால் அளந்ததைப் பெருக்கி வகுத்தபோது வந்த கடைசித் துணுக்கையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். துல்லியம் என்று இதைக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கணக்கன் தன் இஷ்டத்துக்கு எதையும் விடவில்லை என்பதற்கு அந்தத் துணுக்குதான் சாட்சி. வரி கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே 'அது சாக்கு எடைக்குப் போச்சு' என்று யாரும் சொல்ல முடியாது.

வாய்ப்பேச்சில் நாம் நேர் எதிர். 'பத்துப் பேர் வந்தாங்க' என்றால் பத்து. 'ஒரு பத்துப் பேர் வந்தாங்க' என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டுவரை எதுவும். அந்த 'ஒரு' முழுதாக்கும் குறி. 'ஒரு அம்பது கிலோ இருக்கும்' என்று சொல்வோம், 'ஒரு நாப்பத்தேழு கிலோ இருக்கும்' என்று யாரும் சொல்வதில்லை. அப்பத்தாவுக்குப் பத்து வருஷம் 'ஒரு எழுவது' தான் வயசு. ஆதாரில் அவர் பிறந்தநாள் ஜனவரி 1. மொய் எழுதும்போது மட்டும் முழு எண் நமக்கு ஆகாது, 501, 1001. இதற்கு எனக்கு விளக்கம் கிடையாது.

(எல்லா முழு எண்ணும் முழுதாக்கியதும் இல்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு என்பார்கள். அது 'ஒரு எழுவது' இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டிருக்கிறது.)

வீட்டிலிருக்கும் தங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பவுன் என்று நாம் சொல்வது ஆங்கிலேய சவரன் காசு. அதன் எடை 7.988 கிராம். நகைக்கடையில் பவுன் 8 கிராம். யாருக்கும் புகார் இல்லை, ஏனென்றால் வாங்கும்போதும் 8, விற்கும்போதும் 8. இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் முழுதாக்கியது யாரையும் கடிக்காது. பழைய பலத்தை 35 கிராம் என்று வைத்துக்கொண்டதும் அப்படித்தான். சரியாகப் பார்த்தால் அதைவிட ஒரு துளி குறைவு. ஆனால் 916 என்ற முத்திரை வேறு ரகம். இருபத்திரண்டு காரட் என்பது 24இல் 22, ஆயிரத்துக்கு 916.67. பள்ளியில் படித்தபடி முழுதாக்கினால் 917 வரணும். முத்திரை ஏன் 916? அது அளவு இல்லை, வாக்குறுதி என்பதால் என்று எடுத்துக்கொள்கிறேன். 917 என்று குத்திவிட்டு 916.67 கொடுத்தால் வாக்கு பொய்யாகிவிடும். வாக்குக் கொடுக்கிறவர் கீழே இறக்கித்தான் சொல்லணும். பாலத்தின் மேல் எத்தனை டன் போகலாம் என்று எழுதுகிற எஞ்சினீயரும் அப்படித்தான். ஆக, கீழே இறக்குவது எப்போதும் அநியாயம் என்றும் சொல்ல முடியவில்லை.

*

கனடாவில் வான்கூவர் பங்குச்சந்தை 1982இல் ஒரு புதுக் குறியீட்டை 1000 என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு பங்குப் பரிமாற்றத்துக்கும் குறியீட்டைக் கணினி திருத்தும். மூன்று தசம இடத்துக்கு மேல் வந்ததை முழுதாக்காமல் வெட்டிவிட்டது. 0.0009 இருந்தாலும் வெட்டு. ஒரு தடவைக்குப் போவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் நாளுக்குச் சுமார் மூவாயிரம் தடவை. சந்தை நன்றாகவே இருந்தது, குறியீடு மட்டும் தேய்ந்துகொண்டே போனது. 1983 நவம்பரில் குறியீடு 524.811இல் நின்றபோது உட்கார்ந்து சரிபார்த்தார்கள். சரியான எண் 1098.892. பாதிக்கு மேல் ஆவியாகியிருந்தது, ஒருத்தரும் திருடாமல்.

இதைப் படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பரணில் பழைய டிரங்குப் பெட்டியில் என் நோட்டுகளில் ஒன்று கிடைத்தது. பென்சில் எழுத்து, முக்கால்வாசி அழிந்தது. மிளகு எடுத்த கணக்கு. எண்ணிப் பார்த்தேன், 212 வரி. எல்லாம் முழுக் கிலோ. எத்தனை கிராம் விட்டோம் என்பது அதில் இல்லை, இருக்காது. வெட்டிவிடுகிற கணக்கில் வெட்டியதற்குத் தடயமும் சேர்ந்து போய்விடும். முழுதாக்கிய எண்ணைப் பார்த்து எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்கள் பரவலாக விழுந்திருந்தால் சராசரியாக ஒரு வரிக்கு அரைக்கிலோ. 212க்கு 106 கிலோ மிளகு, ஒரு நோட்டுக்கு. பக்கத்துக் கிலோவுக்கு முழுதாக்கியிருந்தால்கூடப் போதும், மேலே போனதும் கீழே போனதும் ஏறக்குறைய சரிக்கட்டியிருக்கும். மூன்றாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த கணக்குதான் அது.

அப்பத்தா அப்போது உயிரோடு இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். ஏன் அப்பத்தா, அந்தக் கிராமெல்லாம் மலைக்காரங்களோடது இல்லையா?

"கேட்டவங்களுக்குக் குடுத்தேனே."

கேட்டாங்களா?

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஒருத்தரு கேட்டாரு. ஒவ்வொரு வாட்டியும் கேப்பாரு. அவருக்கு அரைக்கிலோன்னா அரைக்கிலோக் காசு குடுத்துருவேன். மத்தவங்க கேக்கல." பிறகு, "நான் எடுத்துக்கிட்டு மச்சு வீடா கட்டுனேன்? டவுன்காரிக்குத்தானே அள்ளிப் போட்டேன்" என்றார். அதுவும் உண்மை. அந்த 106 கிலோவில் பெரும்பகுதி கைப்பிடி கைப்பிடியாக ஈரோட்டுக்கும் கரூருக்கும் போயிருக்கும். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்குச் சந்தோஷம். மலையிலிருந்து இரண்டு மணி நேரம் மூட்டை சுமந்து இறங்கியவர் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. நான் மேற்கொண்டு பேசவில்லை. எழுதியது நான்தானே.

*

போன கோடையில் சந்தைக்குப் போனேன். அப்பத்தாவின் இடத்தில் இப்போது பாத்திரக் கடை. மிளகு எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் மின்னணுத் தராசு. அதன் பக்கவாட்டுத் தகட்டில் சின்னதாக ஒரு எண் இருக்கும், இந்தத் தராசு எத்தனை கிராமுக்கு ஒரு படி என்று. நான் பார்த்ததில் 20 கிராம். திரையில் 640 என்று வந்தால் உள்ளே 630இலிருந்து 650க்குள் ஏதோ ஒன்று, தராசே முழுதாக்கிவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆனால் ஏற்றவும் செய்கிறது, இறக்கவும் செய்கிறது. அதனிடம் எனக்குக் குறையில்லை.

மலையிலிருந்து வந்த ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், மூட்டையைத் தூக்கி வைத்தாள். 12.640.

"பன்னெண்டரை போட்டுக்கறேன் அம்மிணி" என்றார் வியாபாரி, கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே.

அவள் மூட்டையை எடுக்கவில்லை. "அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுதுங்கண்ணா."

"சாக்கு இருக்குதில்ல?"

"சாக்கைத் தனியா வெச்சு நிறுத்துக்கலாங்க."

பின்னால் இரண்டு மூட்டைக்காரர்கள் காத்திருந்தார்கள். வியாபாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழையதை அழித்துவிட்டு மறுபடி தட்டினார். கிலோ 610 ரூபாய். 7,710 ரூபாய் 40 பைசா. கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். 7,710 எண்ணிக் கொடுத்தார். அவளும் எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன, நாற்பது பைசாவுக்கு இந்த நாட்டில் காசு கிடையாது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். அவள் நாலு கடை தள்ளிப் போய்க் கால் கிலோ சீரகம் வாங்கினாள். கடைக்காரம்மா பொட்டலம் மடிக்கப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தி, "கொசுறு போடுங்கக்கா" என்றாள்.